நின்றால்தான் விழும்

போன வருடம் தை மாதம் ஏற்காட்டில் ஓர் இரவு எடுத்த படம் ஒன்று இருக்கிறது. நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, இதில் பொய்யடக்கம் எதற்கு. இரண்டு நண்பர்கள், அவர்களுடைய பச்சை ஹெரால்டு கார், பின்னால் சில்வர் ஓக் மரங்கள், மேலே கொஞ்சம் நட்சத்திரம். "எப்படிங்க எடுத்தீங்க?" என்று யாராவது கேட்கும்போதெல்லாம் முதல் பத்து வினாடி பெருமையாக இருக்கும். அப்புறம் செருப்புக்குள் சின்னக் கல் மாட்டிய மாதிரி ஏதோ உறுத்த ஆரம்பிக்கும். ஒரு வருடமாக இதே கதை. எழுதினாலாவது கல் வெளியே விழுகிறதா பார்க்கலாம்.

நண்பர்கள் இருவரும் என்னோடு கல்லூரியில் படித்தவர்கள். ஒருவன் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறான், இன்னொருவன் பள்ளிக்கூட வாத்தியார். பெயர் போடக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டதால் பட்டறைக்காரன், வாத்தியார் என்றே வைத்துக்கொள்வோம். இருவரும் பாதிப் பாதிப் பணம் போட்டு ஆத்தூர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் கிடந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டை வாங்கினார்கள். வாங்கினார்கள் என்பதைவிடத் தோண்டி எடுத்தார்கள் என்று சொல்லலாம். பின்சீட்டில் கோழி அடை காத்துக்கொண்டிருந்தது. நான்கு சக்கரமும் மண்ணுக்குள். அதை லாரியில் ஏற்றிச் சேலத்துக்குக் கொண்டுவந்த அன்று வாத்தியாரின் மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். அந்த மௌனம் மூன்று நாள் நீடித்ததாகக் கேள்வி.

அம்பாசடருக்கும் பியட்டுக்கும் ஊரெல்லாம் ரசிகர்கள் உண்டு. ஹெரால்டுக்காரர்கள் தனி இனம். ஒன்று கல்கத்தாப் பக்கம் உத்தரப்பாராவில் செய்தது, இன்னொன்று பம்பாயில் செய்தது, இதுதான் நம் வண்டலூர் வண்டி என்று பட்டறைக்காரன் சொந்தக்காரப் பெண்ணைப் பற்றிப் பேசுவது போலப் பேசுவான். 1959இல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்று வெளிவந்ததை 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்ட் கம்பெனி செய்தது. வரைந்தவர் மிக்கேலோட்டி என்ற இத்தாலியர். இங்கிலாந்தில் கடைசிவரை இரண்டு கதவோடுதான் ஓடியது, நாலு கதவு போட்டது நம் ஊர்க்காரர்கள்தான், குடும்பம் பெரியது அல்லவா. என்ஜின் வெறும் 948 சிசி. ஆனால் 25 அடி அகலம் இருந்தால் போதும், அப்படியே ஆட்டோ மாதிரி திரும்பிவிடும். பானெட்டும் இரண்டு பக்க மட்காடும் சேர்ந்து ஒரே துண்டு. மொத்த மூஞ்சியும் முன்னால் கவிழ்ந்து திறக்கும்போது முதலை வாயைப் பிளப்பது போல இருக்கும். பார்த்தவன் நிற்காமல் போக மாட்டான்.

இந்த வண்டியைப் பகலில் எடுக்க முடியாது. ஐந்து ரோடு சிக்னலில் நாலு நிமிடம் நின்றால் தண்ணீர் கொதித்துவிடும். அதனால் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் வெளியே வரும். அஸ்தம்பட்டி வரை ஒரு சுற்று, வழியில் தள்ளுவண்டியில் ஆளுக்கொரு தட்டுவடை செட், அப்புறம் வீடு. அவர்களுக்கு அது ராத்திரிக்காரி. படம் எடுத்தாலும் ராத்திரியில்தான் எடுக்க வேண்டும் என்று பட்டறைக்காரன் நின்றதற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணம், பகல் வெளிச்சத்தில் பெயிண்ட் இரண்டு பச்சையாகத் தெரியும். அதை அவன் ஒத்துக்கொள்ள மாட்டான்.

தாத்தா படம்

பட்டறைக்காரன் வீட்டுக் கூடத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் மாட்டியிருக்கிறது. அவன் தாத்தா, கோட்டும் அங்கவஸ்திரமுமாக, யாரிடமோ வாங்கிய பெரிய காரின் பக்கத்தில் நிற்கிறார். "இது மாதிரி ஒண்ணு எங்களுக்கு எடுத்துக் குடுடா" என்றுதான் எல்லாம் ஆரம்பித்தது. அந்தப் படத்தின் இடது ஓரத்தில், மட்காடு மேல் ஒரு கை இருக்கிறது. முழங்கை வரைக்கும் காக்கிச் சட்டை, அதற்கு மேல் சட்டம் வெட்டிவிட்டது. யார் கை என்று கேட்டேன். டிரைவராம். படத்தைச் சட்டம் போட்டவர் தாத்தாவை நடுவில் கொண்டுவருவதற்காக ஓரத்தை வெட்டியிருக்கிறார். பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. எனக்கு அன்று சுருக்கென்றது, "பாவிகளா, அந்த மனுஷன் துடைச்சு வச்ச காருக்குப் பக்கத்துல அவர் கையை மட்டும் விட்டு வச்சிருக்கீங்களே" என்று கிண்டல் வேறு செய்தேன். பெரிய நியாயவாதி மாதிரி. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மலைக்கெல்லாம் போகும் திட்டம் இல்லை. ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய சினிமா ஸ்டூடியோவின் நுழைவாயில் வளைவுக்கு முன்னால் நிறுத்தி எடுப்பதாகத்தான் பேச்சு. சேலத்துக்காரன் கையில் கேமரா கிடைத்தால் முதலில் அங்கேதான் போவான். போனோம். தெருவிளக்கு எல்லாம் வெள்ளை எல்இடி, பச்சைக் கார் பாசி பிடித்த தொட்டி மாதிரி விழுந்தது, நிமிடத்துக்கு ஒரு வண்டி குறுக்கே போனது, ஒருவர் பைக்கை நிறுத்தி "கல்யாணமாங்க?" என்று கேட்டார். விட்டுவிட்டோம். வெளிச்சமே இல்லாத இடம் வேண்டும், அங்கே நாமே வெளிச்சத்தைப் போட்டுக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன்.

ஹெரால்டு மலையேற வேண்டும் என்றால் டிங்கர் மேஸ்திரி கூட வர வேண்டும். அறுபது தாண்டியவர். அந்த வண்டியை மறுபடி வண்டியாக்கியது அவர்தான். என்ஜின் வேலையை வேறு மெக்கானிக் பார்த்தார், ஆனால் துருப்பிடித்துச் சல்லடையாகிப்போயிருந்த உடம்பு முழுக்க இவர் கை. ஹெரால்டுக்கு மட்காடு எங்கே கிடைக்கும்? தகடு வாங்கி, மணல் மூட்டை மேல் வைத்து, சுத்தியலால் தட்டித் தட்டி வளைத்து எடுத்தார். இரண்டு மாதம். "பட்டி போட்டு மேடு பள்ளம் மறைக்கிறது வேலையில்ல தம்பி, தகட்டையே பேச வைக்கணும்" என்பார். பட்டறைக்காரனின் அப்பா காலத்திலிருந்தே பழக்கம் என்பதால் இவர்கள் இருவரையும் தம்பி என்றுதான் கூப்பிடுவார். நான் போட்டோக்காரத் தம்பி.

அடிவாரம் செக்போஸ்ட்டைத் தாண்டும்போது மணி ஏழரை. 20 கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவதில் வண்டி இருமியது, பத்தாவதில் நின்றது. பெட்ரோல் சூடேறிக் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிட்டால் பம்ப் வெறும் காற்றை இழுத்துக்கொண்டிருக்கும், பழைய வண்டிகளுக்கு மலையில் வரும் வியாதி இது. மேஸ்திரி இறங்கி முதலை வாயைத் திறந்தார், ஈரத் துணியைப் பம்ப் மேல் சுற்றினார், பாறையில் உட்கார்ந்து ஒரு பீடி பற்ற வைத்தார். பீடி முடியவும் வண்டி ஸ்டார்ட் ஆகவும் சரியாக இருந்தது. கீழே சேலம், யாரோ கரித்தூள் மேல் கொலுசு முத்துக்களைக் கொட்டிவிட்டது போல மினுங்கிக்கொண்டிருந்தது. (உவமை பட்டறைக்காரனுடையது. அவனுக்கு எதைப் பார்த்தாலும் கொலுசு.)

முப்பது வினாடி

லூப் ரோட்டில் ஓர் எஸ்டேட் கேட்டுக்கு முன்னால் கொஞ்சம் விரிந்த இடம். காவல்காரரிடம் சொல்லிவிட்டு நிறுத்தினோம். "காட்டெருமை வந்தா ஓடாதீங்க, வண்டிக்குள்ள ஏறிக்குங்க" என்று ஒரே ஒரு அறிவுரை சொல்லிவிட்டுப் போனார். காப்பிப் பழம் பறிக்கும் காலம், உரித்த தோல் புளித்த வாசனை எங்கேயிருந்தோ வந்துகொண்டிருந்தது. நல்ல குளிர்.

இப்படி எடுக்கிற முறை தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, தெரியாதவர்களுக்கு மட்டும் இரண்டு வரி. கேமராவை ஸ்டாண்டில் பூட்டி, கண்ணை 30 வினாடி திறந்து வைக்கிறோம். இருட்டில் அது எதையும் பார்க்காது. அந்த நேரத்தில் யாராவது ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி நடந்தால், வெளிச்சம் பட்ட இடமெல்லாம் படத்தில் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே வரும், சுவருக்கு வெள்ளையடிப்பது போல. நடக்கிற ஆள் கறுப்புச் சட்டை போட்டு, ஓர் இடத்தில் நிற்காமல், விளக்கைத் தன் மேல் காட்டாமல் போனால் அவர் விழ மாட்டார். மனிதர்கள் 30 வினாடி சிலை மாதிரி நிற்க முடியாது என்பதால், ஆரம்பத்திலேயே அவர்கள் மேல் ஒரே ஒரு பிளாஷ் அடித்துவிட வேண்டும். அதையும் கேமராவில் மாட்டி நேராக அடித்தால் பனித்துளியெல்லாம் வெளுத்து வெள்ளைத் திரை போட்டுவிடும், பக்கவாட்டிலிருந்து கையில் பிடித்து அடிக்க வேண்டும்.

இவ்வளவு தெரிந்தவன் டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி நடந்தேன். எடுத்ததைப் பார்த்தால் வண்டிக்கு அம்மை போட்டிருந்தது. கரும்பச்சைப் பெயிண்ட், கண்ணாடி மாதிரிப் பாலிஷ், அதில் டார்ச் போன இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. தூரத்திலிருந்து காட்டினேன், புள்ளி சிறிதானது. கைக்குட்டையைச் சுற்றிக் காட்டினேன், புள்ளி பெரிதானது. ஐந்து படம் போயிற்று. வாத்தியாருக்குப் பல் கிடுகிடுத்தது. பட்டறைக்காரன் ஐந்தாவது படத்தில் கொட்டாவி விட்டிருந்தான்.

வேலியோரம் குந்தியிருந்த மேஸ்திரி எழுந்து வந்தார். கேமராத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தம்பி, டார்ச்சக் காட்டினா டார்ச்சுதான் தெரியும். வண்டி தெரியணும்னா கோடு காட்டணும்" என்றார். டிக்கியைத் திறந்து ஒரு டியூப்லைட்டை எடுத்தார், கரண்ட் போனால் எரியும் சார்ஜ் விளக்கு, இரண்டு அடி நீளம். நடுவழியில் வண்டி நின்றால் வேலை பார்க்க வைத்திருப்பது. அதன் மேல் தன் வெள்ளைத் துண்டை ஒற்றை மடிப்பாகப் போர்த்தி, பானெட்டுக்கு ஒரு முழம் மேலே படுக்கை வாக்கில் பிடித்து, மெதுவாக முன்னாலிருந்து பின்னால் இழுத்தார். பச்சைக்குள் ஒரு வெள்ளைக் கோடு, தண்ணீரில் மீன் போவது போல, மட்காட்டின் வளைவில் ஏறி, கதவில் நீண்டு, பின்னால் வால் போல் நிமிர்ந்திருக்கும் இடத்தில் போய் வளைந்து முடிந்தது. மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டு பார்த்தோம்.

அது அவருக்குப் புதிதில்லையாம். டிங்கர் வேலையில் தட்டி முடித்த தகடு சமமாகிவிட்டதா என்று பார்ப்பது இப்படித்தான். தகட்டைப் பார்க்கக் கூடாது, தகட்டில் தெரியும் டியூப்லைட்டைப் பார்க்க வேண்டும். கோடு நேராக ஓடினால் வேலை முடிந்தது. எங்காவது நெளிந்தால் அங்கே இன்னும் பள்ளம் இருக்கிறது, மறுபடி சுத்தியல். நாற்பது வருடமாகத் தினமும் இதைச் செய்திருக்கிறார். பளபளக்கும் பொருளைப் படமெடுக்கும்போது பொருளை எடுப்பதில்லை, அதில் விழும் பிம்பத்தைத்தான் எடுக்கிறோம் என்று நான் பணம் கட்டி ஒரு வகுப்பில் கற்றிருந்தேன். கற்றும் டார்ச்சோடுதான் போனேன்.

சரி, விளக்கை அவரே பிடிக்கட்டும் என்று முடிவானது. அவர் வெளிர் நீலச் சட்டை போட்டிருந்தார், விழுந்துவிடும். என் கறுப்பு ஜெர்கினைக் கழற்றிக் கொடுத்தேன். "நடந்துக்கிட்டே இருங்க மேஸ்திரி, எங்கயும் நிக்காதீங்க. நின்னா படத்துல விழுந்துடுவீங்க" என்றேன். தலையாட்டினார்.

ஒவ்வொரு படமும் 30 வினாடி, எடுத்தபின் கேமரா இன்னொரு 30 வினாடி தனக்குள்ளே ஏதோ யோசிக்கும், அதற்குள் அடுத்ததை எடுக்க முடியாது. அந்த இடைவெளிகளில்தான் மட்காட்டுக் கதை, மணல் மூட்டைக் கதை எல்லாம் வந்தது. ஆறாவது படத்தில் மேலே இழுத்த கோடு நன்றாக விழுந்தது, பக்கவாட்டு இருட்டாகிவிட்டது. ஏழில் ஹெட்லைட்டை இரண்டு வினாடி போடச் சொன்னேன். டைனமோ வண்டி, ஐடிலில் விளக்கு மங்கித் தூங்கி வழியும், அது மஞ்சளாக, பழைய ராந்தல் மாதிரி அழகாக விழுந்தது. எட்டில் ஒரு ஜீப் குறுக்கே போனது. ஒன்பதாவது, அதுதான் அந்தப் படம். முடிந்ததும் கேமராத் திரையைச் சுற்றி நாலு தலை. வாத்தியார், "டேய்" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

நாலு நிமிட வேலை

வீட்டில் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, டிக்கியின் விளிம்பில் மூன்று விரல். மேஸ்திரி பின்பக்கம் வளைந்து திரும்பும்போது, இருட்டில் தடம் பிடிக்கவோ பழக்க தோஷத்திலோ, தகட்டில் விரலை ஊன்றியிருக்கிறார். விளக்கு வெளிச்சத்தில் அந்த மூன்று நுனி மட்டும் கறுப்பாக, தெளிவாக. பக்கத்தில் டியூப்லைட் ஒரு கணம் கேமராப் பக்கம் திரும்பியதில் ஒரு வெள்ளைக் கீற்று. இரண்டையும் அழித்தேன். நாலு நிமிடம் ஆகியிருக்கும். அப்புறம் வலது கீழ் மூலையில், பொடி எழுத்தில், வழக்கம் போல என் பெயரைப் போட்டேன். அப்போது எதுவும் தோன்றவில்லை, சத்தியமாக.

மூன்று பிரதி போட்டோம். இரண்டு அவர்கள் வீட்டுக்கு, ஒன்று மேஸ்திரிக்கு. நானே பட்டறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். நண்பர்களின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை, பானெட்டிலிருந்து டிக்கி வரை அந்தக் கோட்டை மட்டும் விரலால் தொடாமல் தொட்டுக்கொண்டே போனார். "நெளியல" என்றார். முகம் பூத்துவிட்டது. பக்கத்தில் உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்த பையன் எட்டிப் பார்த்தான். "ஏனுங்க மேஸ்திரி, அன்னைக்கு நீங்க போகலீங்களா?"

"போனேன்டா. நடந்துக்கிட்டே இருந்தேன். நின்னாத்தான் விழுமாம்."

வருத்தமோ குத்தலோ எதுவும் இல்லை. நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார், அவ்வளவுதான். படத்தைக் கரி படாத சுவராகப் பார்த்து ஆணி அடித்து மாட்டினார். எனக்கு டீ வாங்கி வரச் சொல்லிப் பையனை அனுப்பினார். டீ வந்தது, குடித்தேன், எப்படிக் குடித்தேன் என்று ஞாபகமில்லை. அந்தத் தாத்தா படத்துக் காக்கிக் கைதான் கண்ணுக்கு முன்னால் நின்றது. அந்தக் காலத்து ஆள் கையையாவது விட்டு வைத்திருந்தார்.

எனக்கு நானே வக்கீல் வைத்து நிறைய வாதாடிப் பார்த்துவிட்டேன். படமெடுப்பவனும்தான் படத்தில் இல்லை. சரி, மூலையில் இருக்கிற பெயர் யாருடையது? தொழில்நுட்பம் அப்படி, அவர் நின்றால் படமே இல்லை. சரி, விரல் என்ன பாவம் செய்தது? கல்யாண வீட்டில் வீடியோக்காரருக்கு லைட் பிடிக்கும் பையனை யார் படம் எடுக்கிறார்கள், "ஏப்பா, மறைக்காத" என்று அவனைத்தானே முதலில் திட்டுகிறோம். மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவுக்கு உள்ளே நூற்றுக்கும் மேல் படம் எடுத்தார்கள், எத்தனை பேர் மேலே பலகையில் உட்கார்ந்து விளக்கைத் திருப்பியிருப்பார்கள். அதெல்லாம் சரிதான். ஆனால் அவர்களையெல்லாம் நான் அழிக்கவில்லை. இவரை அழித்தது என் கை.

குற்றவுணர்ச்சி தாங்காமல் விரலோடு இருக்கும் மூலப் படத்தை இன்னொரு பிரதி போட்டுக் கொண்டுபோனேன். உள்ளுக்குள் ஒரு சின்ன எதிர்பார்ப்பு வேறு, அவர் கண் கலங்குவார் என்று. மேஸ்திரி வாங்கிப் பார்த்தார், புருவத்தைச் சுருக்கினார். "இது எதுக்கு தம்பி? டிக்கி ஓரத்துல அழுக்கு மாதிரித் தெரியுதே. அதுதான் நல்லாருக்கு" என்று சுவரைக் காட்டினார். திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். மேசை இழுப்பறையில் இருக்கிறது.

மறுபடி தை

இந்த வருடம் பொங்கல் கழிந்து மறுபடி போனோம். இந்தத் தடவை மேஸ்திரி படத்தில் நிற்க வேண்டும் என்று யோசனை சொன்னது வாத்தியார். நான் அவனிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை, அவனாகவே சொன்னான். மேஸ்திரி இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்தார், தலைக்கு எண்ணெய் வேறு. வண்டி பதினொன்றாவது வளைவில் நின்றது, ஒரு வளைவு முன்னேற்றம். அதே எஸ்டேட் கேட், அதே புளித்த வாசனை. இருவருக்கும் நடுவில் அவரை நிறுத்தி, பானெட் மேல் கை வைக்கச் சொன்னேன். வைத்தார். வைத்த கை அதன்பாட்டுக்குத் தகட்டைத் தடவிக்கொண்டே இருந்தது, "ஆட்டாதீங்க மேஸ்திரி" என்று மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. பிளாஷ் அடித்ததும் பட்டறைக்காரன் மெல்ல நகர்ந்துபோய் டியூப்லைட்டை எடுத்து வீச வேண்டும், ஏற்பாடு அப்படி. அவனும் துண்டைப் போர்த்தினான், அவனும் இழுத்தான். மட்காட்டில் வெளிச்சம் வழிந்து தேங்கியது, கதவில் காணவே இல்லை, டிக்கி இருட்டு. இரண்டாவது படம் அதைவிட மோசம். ஆறு எடுத்தோம்.

ஆறாவதைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தபோது மேஸ்திரி வந்து என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். படத்தில் அவர் நன்றாகத்தான் விழுந்திருந்தார், வெள்ளைச் சட்டை பளிச்சென்று, முகத்தில் கொஞ்சம் சிரிப்புக்கூட இருந்தது. அவர் அதைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை.

"கோடு எங்க தம்பி? கதவு மேல உடைஞ்சு போச்சே. பாக்குறவன் என் வேலைய என்னன்னு நெனைப்பான்?"

பட்டறைக்காரன் கையிலிருந்து டியூப்லைட்டை வாங்கினார், துண்டைப் பிரித்துச் சரியாக மடித்துப் போர்த்தினார். இரண்டடி நடந்துவிட்டு, ஏதோ ஞாபகம் வந்தவராகத் திரும்பினார்.

"அந்தக் கறுப்பு ஜெர்கினைக் குடுங்க. வெள்ளைச் சட்டை விழுந்துடும்."